சாகாத மீன்குஞ்சுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. பூச்சி மருந்து எந்த அளவில் மீனைக் கொல்லும் என்பதைப் பலரும் பார்த்துவிட்டார்கள், கொல்லாத அளவில் அது முட்டைக்குள் இருக்கும் கருவை என்ன செய்கிறது என்று நீ பார் என்றார் என் பேராசிரியர். கோடை விடுமுறையில் கல்லூரி பூட்டிக்கிடந்ததால், இரவல் வாங்கிய நுண்ணோக்கியோடும், உடம்பில் கோடு போட்ட சின்ன மீன்களோடும் எங்கள் ஊரான போடிக்கு வந்து சேர்ந்தேன். அம்மா முகம் சுளித்துக்கொண்டே மாடியறையை ஒழித்துக் கொடுத்தாள்.

மருந்து கலந்த தண்ணீருக்கு அக்கா வீட்டை நம்பியிருந்தேன். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் மச்சான் மருந்தடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. தண்ணீர் கைக்கெட்டும் என்று ஓடைக்கரையிலேயே பீப்பாயில் மருந்து கலப்பார்கள். கொஞ்சம் கீழே, தொழிலாளர் வீட்டுப் பெண்கள் குடத்தில் மொள்ளுவார்கள். அக்காவும்தான். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

மருந்தடித்த மறுநாள் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். ஓடைக்கு மேலே ஊற்றடியில் ஒரு கேன், மருந்து கலக்கும் இடத்துக்குக் கீழே ஒரு கேன் பிடித்தேன். பார்வைக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். இறங்கும்போது வளைவுக்கு வளைவு மடியிலிருந்த கேன் தளும்பியது. மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மீன்கள் விடிந்ததும் முட்டையிட்டன. கண்ணாடி மாதிரி முட்டைகள். மறுநாளே உள்ளே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். ஊற்றுத் தண்ணீர்க் கிண்ணத்தில் பாதியும் ஓடைத் தண்ணீரில் பாதியும் போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து ஓடுவேன். அக்கா இந்நேரம் குடத்தோடு ஓடையில் இறங்கியிருப்பாள் என்று தோன்றும். மறுபடியும் மாடிப்படி ஏறுவேன்.

இரண்டு கிண்ணத்திலும் முட்டைகள் பொரிந்தன. அனேகமாக எல்லாமே பிழைத்தன. எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் நுண்ணோக்கியில் வைத்தேன். ஓடைத் தண்ணீரில் பொரிந்தவற்றில் சிலவற்றுக்கு வால் வளைந்திருந்தது, நெஞ்சுக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தது. என்னைக் கலங்கடித்தவை அவையல்ல, பார்க்க ஒரு குறையும் இல்லாத மற்றவை. கிண்ணத்தை விரலால் தட்டினால் ஊற்றுத் தண்ணீர்க் குஞ்சுகள் சிதறி ஓடின. இவை கிடந்த இடத்திலேயே கிடந்தன.

அந்த வாரம் சந்தைக்கு இறங்கிவந்த மச்சானை மாடிக்கு இழுத்துப்போனேன்.

"எனக்குச் சோலி கெடக்கு ஆத்தா, வெரசாச் சொல்லு. மீனு செத்துப் போச்சா?"

"சாகல மச்சான்."

"சாகலேல்ல? அப்பறம் என்ன?"

"நீங்களே தட்டிப் பாருங்க."

இரண்டு கிண்ணத்தையும் தட்டினார். ஓடைத் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் மறுபடி மறுபடி தட்டினார். பிறகு ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தார்.

"மருந்தடிச்சா எனக்கும் இப்பிடித்தான்," என்றார் குனிந்தபடியே. "தல கிறுகிறுங்கும், கை நடுங்கும். ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்னு விட்டுர்றேன். ஒங்க அக்காட்டச் சொல்லல."

"அக்கா அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா."

அவர் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.

அடுத்த தடவை மருந்தடிப்பதற்கு முன்னால் பீப்பாய்களை ஓடையைவிட்டு வெகுதூரம் மேட்டுக்கு ஏற்றிவிட்டார். தண்ணீர் சுமந்து ஏற வேண்டியிருந்ததால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி கூப்பிட்டு அதட்டினார். "கீழ பொம்பளைக வெள்ளம் எடுக்குறாக முதலாளி" என்று மட்டும், தண்ணீருக்கு முதலாளியின் மலையாளச் சொல்லையே போட்டு, சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். வேலை போகவில்லை. நான் போய் மறுபடியும் தண்ணீர் பிடித்துவந்தேன். இந்தத் தடவை எந்தக் குஞ்சுக்கும் வால் வளையவில்லை. தட்டினால் ஓடின. ஆனால் ஊற்றுத் தண்ணீர்க் குஞ்சுகள் அளவுக்கு வேகம் இல்லை. இலையில் அடித்த மருந்து மழையில் கரைந்து ஓடைக்குத்தானே வரும்.

பிரசவத்துக்கு என்று அக்காவை முன்கூட்டியே போடிக்கு அழைத்துவந்துவிட்டோம். மழைக்காலத்தில் அவளுக்கு மகள் பிறந்தாள். எல்லாரும் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர்ச் சேனை தொட்டுவைக்க நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது நான் தொட்டில் பக்கத்தில் போய்ப் படீரென்று கை தட்டினேன். குழந்தை கைகால் உதறி வீறிட்டது. "ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அக்கா கத்தினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

குழந்தையோடு மலையேறும் அன்று, ஜீப்பில் உட்கார்ந்தபிறகு அக்கா கேட்டாள்: "பீப்பாயத்தான் மாத்தியாச்சே. இப்ப அந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையாச் சொல்லு."

என் ஆய்வு அந்த ஒரு வார்த்தையைத் தரவில்லை. "ஊத்துக்கே போ அக்கா," என்றேன்.

"அம்புட்டுத் தூரமா?" என்று சலித்துக்கொண்டாள். ஆனால் போனாள். தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க, என்னைத் திட்டிக்கொண்டே, அந்த ஏற்றத்தில் குடத்தோடு போய்வந்தாள்.