தகவலாளி நான்கு

என் தங்கச்சி ஜோதியம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்படியிருந்தும் நாற்பத்தொரு வெளிநாட்டுக்காரர்களைத் தமிழ் பேச வைத்தாள். எண்ணிக்கை என் டைரியில் தேதியோடு இருக்கிறது. ரமணாசிரமம் பக்கத்து விடுதியில் அறை பெருக்கப் போனவளை அந்தத் தெருவே டீச்சர் என்று கூப்பிட்டது. புருஷன் விட்டுப்போன பிறகு மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். கடைசியாக, ஒரு பல்கலைக்கழகத்துக்காரர் அழித்த தன் பெயரைத் திரும்ப வாங்கினாள். 

நான் தசரதன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளுக்கு எடை எழுதுகிறேன். வீட்டில் என்னை ஏழாவது வரை படிக்க அனுப்பினார்கள். அவளை ஆட்டுக்குப் பின்னால் அனுப்பினார்கள்.

அவள் பாடத்துக்குப் பலகை கிடையாது. ஒரு பேச்சை, அது புழங்குகிற இடத்துக்கே கூட்டிப்போய்த்தான் சொல்லிக்கொடுப்பாள். காய்கறிக் கடையில் "கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கேட்கச் சொல்வாள். கடைக்காரர் குறைத்த பிறகு வாங்காமல் நகர்ந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள்.

2018 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை, விடுதித் தெருவில் பூ கட்டும் வேணுவின் அம்மா இறந்துபோனார். அதே தெருவில் அறை எடுத்திருந்த பிரான்ஸ்காரப் பெண் மத்தில்டா துக்கத்துக்குப் போனாள். அழுதுகொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்தாள். கிளம்பும்போது கைகூப்பி, தன் புத்தகத்தில் இருந்தபடியே, "போய்ட்டு வரேங்க" என்றாள்.

அழுகை நின்றுவிட்டது. "இன்னொரு சாவுக்கு வரப் போறியாடி?" என்று வேணுவின் சித்தி எழுந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்திருந்த ஜோதி மத்தில்டாவை வெளியே இழுத்து வந்தாள். "தப்பு உன்னுது இல்லம்மா, உன் புக்குது. சாவு வூட்ல சொல்லிக்கினு வரக் கூடாது. எழுந்து வந்துட்டே இருக்கணும்."

"அது மரியாதை இல்லையே?"

"அங்க அதான் மரியாதை."

அன்றிலிருந்து வாய் மூடவேண்டிய இடங்களை அவள் தனிப் பாடமாகவே நடத்தினாள். வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, "தூரமா?" என்று கேட்கலாம். பச்சைக் குழந்தையைப் பார்த்துக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொல்லக் கூடாது. இப்படிப் பத்தொன்பது.

2022இல் கலையரசன் என்ற மொழி ஆராய்ச்சியாளர் வந்தார். பதினோரு நாள் ரெக்கார்டரோடு அவள் பின்னால் நடந்தார். அவள் ஊற்றிய டீயைக் குடித்தார். போகும்போது ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து மத்தில்டா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கலையரசன் எழுதியது. ஜோதிக்கு நான் வாசித்துக் காட்டினேன். பத்தொன்பது பாடமும் வரிசை மாறாமல் இருந்தன. 'நான் உருவாக்கிய பயிற்றுமுறை' என்று முன்னுரை சொன்னது. என் தங்கச்சி அடிக்குறிப்பில் இருந்தாள்: 'தகவலாளி 4. பெண். எழுத்தறிவற்றவர்.'

"நாலுன்னா மீதி மூணு பேரு யாருண்ணா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். வேணு வீட்டுச் சாவைப் பற்றிய பக்கத்தை வாசித்ததும் முகம் மாறிவிட்டது. "கண்ணால பாத்த மாதிரி எழுதியிருக்காரே, அன்னிக்கு இவரு எங்க இருந்தாரு?"

எழுத்தறிவற்றவர்! படித்தவர் எழுதிய புத்தகத்தை நம்பிப்போய்த்தான் அந்தப் பெண் சாவு வீட்டில் பேச்சு வாங்கினாள். திருத்திக் காட்டியவள் இவள். பெயர் போட மட்டும் படிப்பு வேண்டுமாம்.

2025 ஜூனில் அவரே வந்தார். பதிவுகளை ஒலிப்பாடமாக வெளியிட அவளுடைய சம்மதம் வேண்டுமாம். மைப்பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"பொட்டிய உள்ள வைங்க சார். மொதல்ல பாடம் யாருதுன்னு எழுதினு வாங்க."

"உங்களுக்குப் படிக்கவே தெரியாதேம்மா. ஆசிரியர்னு போட்டா யாரு ஒத்துக்குவாங்க?"

நான் எழுந்துவிட்டேன். "பதினோரு நாளு நீங்க ஒத்துக்கினீங்களே சார்!"

ஜோதி என்னை உட்கார வைத்தாள். "சார், என் பேரு இல்லாம என் குரலு போவாது."

அவர் காரில் ஏறியதும் அவள் மத்தில்டாவின் அறைக்குப் போனாள். "நான் உனக்குப் பேசக் குடுத்தேன். நீ எனக்கு எழுதக் குடு." தன் பெயரை எழுதிப் பழகினாள். 'ஜோ'வின் சுழி மட்டும் பன்னிரண்டு நாள் படுத்தியது. ஐம்பது வருடம் கூட இருந்தும் அந்த ஆறு எழுத்தை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கலையரசனைத் திட்டும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து குத்துகிறது.

அவருக்கு வேறு குரல் கிடைக்கவில்லை. வேறு யார் பேசினாலும் அது அந்தப் பாடமாக இருக்காது. ஆகஸ்டில் புதுத் தாளோடு வந்தார். முதல் வரி: 'பாடங்களை உருவாக்கியவர்: ஜோதியம்மாள், திருவண்ணாமலை.' புத்தகத்தின் அடுத்த பதிப்பிலும் அப்படியே போடுவதாகக் கீழே எழுதியிருந்தது. நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசித்தேன். பழக்கதோஷத்தில் அவர் மைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.  பக்கத்தில் தேதியை நான் போட்டேன்: 2025 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை.