ஒரே கிளாஸில் மொத்த ரிசார்ட்டும்

கம்ப்யூட்டர் கோடு எழுதுறவன் பொழப்புல பாதி நாள் அடுத்தவன் எழுதினதைப் படிச்சுப் பல்லைக் கடிக்கிறதுதான் வேலை. நீங்களும் இதே பொழப்புன்னா, உங்க பல்லுக்கும் என் அனுதாபம்.

எட்டாயிரம் வரி

செங்கல்பட்டுல ஒரு மாடியில எங்க கம்பெனி. மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தர்றோம். சேர்ந்த அன்னிக்கே கோடைத் திறந்து பார்த்தேன். 'மேனேஜர்'னு ஒரே ஒரு கிளாஸ், எட்டாயிரம் வரி! ரூம் புக்கிங், சாவி, நாஸ்தா டோக்கன், எல்லாக் கருமமும் அதுக்குள்ளதான். கிளாஸ்னா ஒரு வேலைக்கான கோடை ஒண்ணா கட்டி வைக்கிற கட்டு, அந்த ஒரு வேலையை உருப்படியா செய்யணும். பிரிச்சிடலாமான்னு முதலாளி குமரவேல் சாரைக் கேட்டேன். ஆரம்பத்துல அதை எழுதினதே அவர்தான்.

"ஒரே ஃபைல்ல இருந்தா இன்னா? தேட வேணாம் பாரு. ஓடிக்கினு கீற வண்டிப்பா, இஞ்சின்ல கை வைக்காத."

ஹெல்மெட்

எவன் எதை மாத்தணும்னாலும் அந்த ஃபைலைத்தான் திறக்கணும். ரெண்டு பேர் ஒண்ணா கை வச்சா, ஒருத்தன் எழுதினது இன்னொருத்தன் எழுதினதோட மோதும். அதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம்: பக்கத்து சீட்டு ஸ்டீபனோட ஹெல்மெட் யார் மேசையில இருக்கோ, அவன்தான் அந்த ஃபைலைத் தொடலாம். வேற வேற வேலைக்கு ஒரே ஃபைல் வாசல்ல ஆளுங்க க்யூ கட்டுனா, அந்த கிளாஸ் வீங்கிப்போச்சுன்னு அர்த்தம். இது எவனுக்கும் உறைக்கல. ஒரு நாள் சாயங்காலம் ஹெல்மெட் என்கிட்ட இருந்தது. ஸ்டீபன் வண்டிச் சாவியோட வந்து நின்னான்.

"மச்சான், நீ அந்த நாஸ்தா டோக்கனை முடிச்சாதான் நான் வூட்டுக்கே போவ முடியும்."

துண்டு

ஒரு ரிசார்ட்ல, நீச்சல்குளத்துத் துண்டு எத்தனை மீதின்னு காட்டணும்னாங்க. மேனேஜர் கிளாஸ்ல 'மீதி'ன்னு ஏற்கெனவே ஒரு எண் இருந்தது. துண்டுக் கணக்கையும் அதுலயே ஏத்திட்டேன். அது காலி ரூம் கணக்குன்னு எட்டாயிரம் வரிக்கு நடுவுல எனக்கு எப்படித் தெரியும்? தப்பு என் மேலதான், இல்லங்கல. சனிக்கிழமை நாற்பது துண்டு துவைச்சு வந்ததும் 'மீதி' நாற்பதாச்சு. நிரம்பி வழியற ரிசார்ட்ல நாற்பது ரூம் காலின்னு சாஃப்ட்வேர் புக்கிங் எடுத்துத் தள்ளிடுச்சு. கல்யாண கோஷ்டி ஒண்ணு பெட்டியும் குழந்தைங்களுமா வந்து இறங்கி, ரிசப்ஷன்ல இருந்த தேவியைக் கிழிச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே எனக்கு ஃபோன் பண்ணுச்சு.

"அண்ணா, கம்ப்யூட்டர்தாண்ணா ரூம் கீதுன்னுச்சு. நான் தப்பா அழுத்திட்டேன்னு திங்கக்கிழமைலர்ந்து வரவேணாம்னுட்டாங்க."

டப்பா

"ரிசப்ஷன் தப்புன்னு மெயில் போட்டுடு"ன்னார் குமரவேல் சார். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. "அந்தப் பொண்ணு வேலையில நீங்க மண்ணு போடுவீங்க, நான் டைப் அடிக்கணுமா?"ன்னு கத்திட்டு, ஸ்டீபன் வண்டியை எடுத்துக்கிட்டு மாமல்லபுரம் போனேன். ரிசார்ட் ஓனர் முகத்துக்கு நேரா என் தப்புன்னு சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். தேவியோட வேலை தப்பிச்சுது. அப்புறம் ரெண்டு வாரம் ஹெல்மெட்டை யாருக்கும் கொடுக்கல. ரூம், சாவி, நாஸ்தா, துண்டு எல்லாத்தையும் தனித்தனி கிளாஸா பிரிச்சேன். குமரவேல் சார் முறைச்சார், முறைக்கட்டும். புதுசைப் போட்டுக் காட்ட ரிசார்ட்டுக்குப் போனப்போ, இன்னா மாத்தினீங்கன்னு தேவி கேட்டா. சொன்னேன்.

"உப்பையும் சக்கரையையும் ஒரே டப்பாவுல கொட்டக் கூடாதுன்னு எங்க வூட்டுப் பாப்பாவுக்கே தெரியும்ணா. நாலு வருஷம் இஞ்சினீரிங்ல இன்னாதான் படிச்சீங்க?"

நான் படிச்சது கிடக்கட்டும், ஸ்டீபன் இப்போ தலையில ஹெல்மெட்டோட நேரத்துக்கு வீட்டுக்குப் போறான்.