வாளியின் கைப்பிடி

புயல் வெள்ளம் வடிந்த பிறகு, எண்ணூர் கழிமுகத்தோரம் இருளர் குடியிருப்பில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, தாடை மட்டும் பயில்வான் தாடை. தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கரையேறிய பிறகும் அந்த அம்மா அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. எதற்கும் புருவம்தான் பதில்.

பறிகளில் முக்கால்வாசி வெள்ளத்தோடு போய்விட்டன என்று கேள்விப்பட்டு, விம்கோ நகர் நண்பர்களோடு பிளாஸ்டிக் வாளிகள் கொண்டுபோயிருந்தேன். உடையாது, மக்காது, கழுவினால் புதுசு என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் புருவம் ஏறியது. பறி வாயிலிருந்து இறங்கியது.

"எங்க, நீ இத்தக் கடிச்சிக்கோ நைனா, பாக்கலாம்."

வாளியின் கைப்பிடியைக் கடித்தேன். அவர் அதில் இரண்டு கை சேற்றை அள்ளிப் போட்டார். தாடை கழன்றுவிடும் போலிருந்தது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்டியே இரு. இப்பதான் பேசாம கீற. எங்களுக்கு இன்னா வோணும்னு சொல்றேன், கேட்டுக்கோ."

அவர் சொல்லச் சொல்ல, நான் புருவத்தாலேயே சரி சரி என்றேன்.