விருந்துக்கு முன் ஒரு புலம்பல்

எண்பதுகளில் மொன்றியலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு கிரேக்க முதியவர் இருந்தார். மலைக்கிராமத்து வயலின்காரர். இளவயதில் கப்பலேறி வந்து, வாரநாட்களில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைகளில் தன் ஊராரின் கலியாணங்களில் வாசிப்பு என்று வாழ்ந்தவர். அடுத்த தலைமுறை மின்சார வாத்தியக் குழுக்களைத் தேடிப் போனபோது அவரை அழைப்பது நின்றுவிட்டது. "என் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் சொல்வார்.

நண்பனுக்குக் கலியாணம் வந்தது. நாதஸ்வரத்துக்கு அப்போது இங்கே ஆளில்லை. இவரைக் கேட்டேன். முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

அவருடைய ஊரில் எந்த விருந்தும் இறந்தவர்களுக்கான புலம்பலோடுதான் தொடங்கும். ஆட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். நான் கலியாண வீட்டாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரை வேண்டாம் என்பார்கள்.

வாடகைக்கு எடுத்த தேவாலய நிலக்கீழ் மண்டபத்தில் அவர் வில்லை இழுத்ததும் பேச்சு அடங்கியது. மணமகளின் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அவருடைய மகனை எங்கள் ஊரில் இராணுவம் பிடித்துப்போய், உடல்கூடக் கிடைக்கவில்லை.

"ஆரப்பா இந்த வெள்ளையனைக் கூட்டியந்தது? தாலி கட்ட முன்னம் முகாரி வாசிக்கிறான்!" என்று மணமகனின் பெரியப்பா எழுந்தார்.

"இந்தப் பட்டதாரிதான். கேளுங்கோ" என்று ஒருவர் என்னைக் காட்டினார்.

"என்ன பாட்டு, தம்பி இது?"

"தெரியாது ஐயா" என்றேன்.

"விடுங்கோ, வாசிக்கட்டும்" என்றார் தாய். எவரும் கேட்கவில்லை. யாரோ நாதஸ்வரக் கசெற்றைப் போட்டுவிட்டார்கள். கிழவர் வில்லை இறக்கி என்னைப் பார்த்தார். நான் மாலைகளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

சில வாரங்களின் பின் அந்தத் தாய் என்னைத் தேடி வந்தார். "தம்பி, அந்த மனுசனை எங்கட வீட்டை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாறீரே? பிள்ளைக்கு ஒரு அந்தியேட்டிக் கிரியைகூடச் செய்யேல்லை. அண்டைக்கு வாசிச்சது அவனுக்கு வாசிச்ச மாதிரிக் கிடந்தது."

மேலே போய்க் கேட்டேன்.

"பிறகு ஆடுவார்களா?"

"மாட்டார்கள்."

"அழவைத்த வீட்டை ஆடவைக்காமல் விட்டுவிட்டு வரக்கூடாது. எங்கள் முறை அது. விருந்து வைக்கச் சொல், வருகிறேன்."

"எங்கட வீட்டில இனி என்ன விருந்து?" என்றார் தாய்.

விருந்து என் வீட்டில் வந்தது. மூத்தவன் பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு நூறு பேரைக் கூப்பிட்டேன். கிழவரைக் கூப்பிடவில்லை, குழந்தையின் நாளில் புலம்பலா என்று என் ஆட்கள் கேட்பார்கள் என்ற பயம். மறுநாள் படியில் அவர் குழந்தையின் பெயரைக் கேட்டார். சரியாக வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.