ஜமால் பாய் மறக்காத அட்டை

புதன்கிழமை காலை, குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டுக்குள் கால் வைத்தபோது கைபேசி அடித்தது. "அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றார் ஜமால் பாயின் மகள் நசீமா. கதவு மூடிக்கொண்டது, தொடர்பும் அறுந்தது. பதினோரு மாடி இறங்கும்வரை அந்த மரணச் செய்தியோடு பெட்டிக்குள் தனியாக நின்றேன். மூடிய இடம் எனக்கு ஆகாது. அதன் முழுக் காரணமும் அறிந்தவர் ஜமால் பாய் ஒருவர்தான்.

கப்பல் பட்டறை நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலின் அடித்தொட்டிகளுக்குள் நாங்கள் இறங்கிப் பழுது பார்க்கும்போது, மேலே துவாரத்தின் வாயில் காவல் நின்றவர் அவர். இறங்குகிறவர் தன் பெயர் அட்டையை அவரிடம் கொடுக்க வேண்டும்; அவர் பலகையில் மாட்டுவார். ஏறி வந்ததும் திருப்பித் தருவார். பலகை காலியானால்தான் மூடி போடலாம்.

என்னைவிட இரண்டு வயது இளையவர். வேலையில் எனக்கு மூத்தவர். நான் சேர்ந்த முதல் நாள், 'முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பின்பற்றவும்' என்ற அறிவிப்பைக் காட்டி, "இந்த வார்த்தைய வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலையே முடிஞ்சிரும் பாய்" என்று கிண்டலடித்தேன்.

சிரித்துவிட்டுச் சொன்னார்: "வார்த்தைதான்ணே பெருசு, அர்த்தம் சின்னது. நீங்க உள்ள இருக்கீங்கன்னு வெளிய ஒருத்தனுக்குத் தெரியணும். இறங்குறதுக்கு முன்னாடியே தெரியணும். பிறகு செய்றதுக்குப் பேரு தேடுறது லா."

வீட்டிலும் அவர் அப்படித்தான். ஃபேரர் பார்க்கில் மனைவியோடு துணிக்கடைக்குப் போனாலும், கூட்டத்தில் பிரிந்தால் எந்தத் தூணடியில் நிற்பது என்று முடிவு செய்யாமல் உள்ளே நுழையமாட்டார். நாங்கள் கேலி செய்வோம்.

பிறகு அந்த நாள் வந்தது. மாலை எல்லோரும் ஏறி, அட்டைகளைத் திரும்ப வாங்கிவிட்டோம். அப்போதுதான் ஸ்பேனரை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. தொட்டியின் மறுகோடியில் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த இன்னொரு துவாரம், ஸ்பேனர் கிடந்த இடத்துக்கு அருகில் இருந்தது. இரண்டு நிமிட வேலைதானே என்று, அட்டையைச் சட்டைப்பையில் வைத்தபடியே அதன் வழியே இறங்கினேன். சற்று நேரத்தில் அதை மூடிவிட்டார்கள். காற்று விசிறியும் நின்றது.

ஸ்பேனரால் தொட்டிச் சுவரை அடித்தேன். பட்டறை முழுக்க இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். என் சத்தம் யார் காதில் விழும்? தடுப்புத் தகடுகளுக்கு நடுவே வழி தவறியது. மூச்சு கனத்தது. மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் பெயரைச் சொல்லி அழுதேன்.

மேலே நடந்ததைப் பின்னர் கேட்டறிந்தேன். "போர்டு காலியா இருக்கு, மூடுங்க" என்றாராம் மேற்பார்வையாளர். பாயின் கண் கைப்பிடிக் கம்பிக்குப் போயிருக்கிறது. நான் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேநீர், முடிச்சு அவிழாமல் அங்கே தொங்கியது. "அண்ணன் டீய விட்டுட்டுப் போற ஆளு இல்ல" என்று துவாரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூட விடவில்லை. மீட்பு ஆட்கள் இறங்கி என்னைத் தூக்கி வந்தார்கள். பாய் அந்தப் பையை அவிழ்த்து என் வாயருகே பிடித்தார். "ஆறிடுச்சுண்ணே. குடிங்க."

மறுநாள் விசாரணை. அட்டை கொடுக்காமல் இறங்கியவரைப் பட்டறைக்குள் அதன்பின் விடமாட்டார்கள். நான் வாய் திறக்குமுன் பாய் பேசிவிட்டார்: "அண்ணன் அட்டைய என்கிட்ட கொடுத்தாரு. நான்தான் மாட்ட மறந்துட்டேன்."

அட்டை அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். காவல் வேலையிலிருந்து எடுத்து அவரைக் கருவிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை அவரிடம் போனேன். "பிள்ளை பிறந்திருக்கு, பேசாம இருங்கண்ணே" என்றார். அதையே சாக்காக வைத்து இருபது வருடம் பேசாமல் இருந்தேன். அவர் என்னை வெளியே எடுத்தார். நான் அவரை ஒரு பொய்க்குள் விட்டு மூடிவிட்டேன்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களிடம் நசீமா, அழுகைக்கு நடுவே சிரித்தபடி, "அத்தாவுக்கு மறதி லா. ஒரு அட்டைய மாட்ட மறந்துதான் வேலைய மாத்திட்டாங்க" என்றார். வீட்டில் பல வருடமாகச் சொல்லிச் சிரித்த கதை அது. பாயும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

"அவங்க மறக்கலம்மா" என்றேன். "நான் கொடுக்கவே இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன். நசீமா என்னை நெடுநேரம் பார்த்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்து என் முன் வைத்தார். "ஆறிடும் அங்கிள்."

என்னால் அதைக் குடிக்க முடியவில்லை. இத்தனை காலம் என்னிடமே இருந்த அந்தப் பெயர் அட்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன்; சட்டைப்பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். கதவருகே பாயின் சாவி தொங்கிய ஆணியில் அதை மாட்டினார்.

ஜமால் பாய், என் பெயர் இப்போது உங்கள் வீட்டில் தொங்குகிறது. நான் எங்கே இருந்தேன் என்று வெளியே எல்லோருக்கும் தெரியும். இனி நீங்கள் காவல் நிற்க வேண்டாம். போய் வாருங்கள்.