சாட்சி கிடைக்காத கடற்காகம்

மார்கழி மாதத்தில் கபிலத்தலைக் கடற்காகத்துக்குத் தலை கபிலமாக இருப்பதில்லை. கருந்தலைக் கடற்காகத்துக்குத் தலை கறுப்பாக இருப்பதுமில்லை. கோடையில் தங்கள் ஊரில் அணிந்திருந்த நிறத்தைக் களைந்துவிட்டு, காதோரம் மைப்பொட்டு மட்டும் மிஞ்சிய வெள்ளைத் தலையோடு இரண்டும் கடல்நீர் தேங்கும் எங்கள் களப்புகளுக்கு வந்துசேர்கின்றன. இந்த அநியாயத்தைப் பதினொரு வயதில், என் மனைவியோடு சண்டை பிடித்து நான் அறிந்துகொண்டேன். அப்போது அவள் எனக்கு மச்சாள், மாமாவின் மகள், என்னிலும் சில மாதங்கள் இளையவள், அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதவள். அவள் இல்லாத முதல் மார்கழி இது. ஆகையால் அந்தச் சண்டையை எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சியில். விடுமுறைக்கு அம்மா என்னைத் தன் தமையன் வீட்டுக்கு அழைத்துச் செல்வார். மாமா, முல்லைத்தீவுப் பக்கம் களப்பை அண்டிய ஊரொன்றில் தபாலதிபர். கைநாட்டு வைப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சாட்சி கையொப்பமிட வேண்டும் என்ற தபால் கந்தோர் வழக்கத்தை அவர் பறவைகளுக்கும் வைத்திருந்தார். ஒருவர் கண்டதை மற்றொருவரும் கண்டு, இருவரும் ஒரே பெயரைச் சொன்னாலன்றி எந்தப் பறவைக்கும் அந்த வீட்டில் பெயர் கிடையாது. மாமி மட்டும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல், சமைத்தபடியே குசினி யன்னலில் வந்திருப்பதைக் காகம் என்றே சொல்லிவந்தார்.

அந்த முறை மாமா புதிய தொலைநோக்கி ஒன்று வாங்க இருந்தார். பழையது எனக்கு என்றார். ஆனால் சும்மா அல்ல. களப்பில் ஒரு கடற்காகம் நின்றது. தூண்டில் நரம்பு சுற்றி இடது கால் விரல்களை இழந்திருந்ததால், எத்தனை பறவைகளுக்கு நடுவிலும் அதை அடையாளம் காணலாம். அதன் இனம் எது என்று நானும் மச்சாளும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால், தொலைநோக்கியோடு நான் வீடு திரும்பலாம். எங்கள் ஊர்ப்பக்கத்து இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும் என்னை அன்றிரவே கனவில் கண்டேன்.

கேடு என்னவென்றால், இருந்தது ஒரே தொலைநோக்கி. முறை வைத்துத்தான் பார்த்தோம். அவளுடைய முறையில் பறவை சேற்றில் நின்றது. என்னுடைய முறையில் எழுந்து பறந்தது.

"கண்ணைப் பாத்தனியே? வெள்ளைக் கண். கபிலத்தலைதான்," என்றாள்.

"பறக்கேக்கை செட்டையைப் பாத்தனியே? நுனியிலை கபிலத்தலையின்ரை வெள்ளைப் பொட்டு இல்லை. முன்விளிம்பெல்லாம் வெள்ளை. கருந்தலை."

"வயலிலை கொக்குப் பாத்த கண்ணாலை இங்கை வந்து பாத்தா இப்பிடித்தான்."

"அது கபிலத்தலைக் குஞ்சா இருக்கும். குஞ்சுக்கெண்டா பொட்டு இராது," என்று நான் சமரசத்துக்கு இறங்கினேன், தொலைநோக்கி என் கண்முன் நின்றது.

"குஞ்சுக்குக் கண்ணும் கறுப்பு, மொக்கா. இதுக்கு வெள்ளை."

வீச்சுவலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் நியாயம் கேட்டோம். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எனக்கெல்லாம் ஒண்டுதான் பிள்ளையள். என்ரை மீனைத் தின்னுறது," என்றார்.

அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒரே வீட்டில் முகம் பாராமல் இருந்து, மாமாவின் ஆங்கிலப் பறவைப் புத்தகத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் பறித்துக்கொண்டிருந்தோம். புறப்படுவதற்கு முதல் நாள் வானம் சற்று வெளித்தது. மாமாவோடு மூவருமாகக் களப்புக்கு ஓடினோம். இம்முறை நான் பார்க்கும்போது பறவை சேற்றில் நின்றது. அதன் கண் ஐயத்துக்கிடமின்றி வெளிறியிருந்தது. நான் தொலைநோக்கியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவும் பறவை எழுந்தது. அது வளைந்து திரும்பி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, "பொட்டு இல்லைத்தான்," என்றாள், மிகச் சிறிய குரலில்.

"அப்ப ரெண்டு பேருக்கும் கண் தெரியுது," என்றார் மாமா. "ரெண்டு இனமும் கூடு கட்டுற இடம் எங்கையோ ஒண்டையொண்டு தொட்டால் கலப்புப் பிறக்கலாம். ஆனா கவனம். கலப்பெண்டு சொல்லுறது லேசு. பெயர் தெரியாதவன் எல்லாம் அதைத்தான் சொல்லுவான்."

எனக்கு அந்த எச்சரிக்கை காதில் ஏறவில்லை. கருந்தலையின் செட்டையும் கபிலத்தலையின் கண்ணும் ஒரே உடம்பில்; வேறென்ன வேண்டும்? கலப்பு என்று அங்கேயே அறிவித்தேன். இனி அவளும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"யோசிக்க வேணும்," என்றாள்.

மறுநாள் காலை பயணப்பை கட்டியாயிற்று. தொலைநோக்கி மேசையில், தன் தோலுறையில் இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லமாட்டன்."

"நீயும் கண்டனிதானே!" என்று கத்தினேன்.

"கண்டனான். ஒருக்காக் கண்டது காணாது. அடுத்த வரியமும் வரும், திரும்பப் பாக்க வேணும்."

"எனக்கு இப்ப வேணும்!"

"இது கையிலை கிடைச்சா நீ இரணைமடுவிலையே நிண்டு பாத்துக்கொண்டிருப்பாய்."

"ஓம், பின்னை? அதுக்குத்தானே கேக்கிறன்!"

அவள் முகம் சிவந்திருந்தது. அது பொய் சொல்பவர்களின் முகம் என்று முடிவு செய்தேன். குசினிக்குள் மாமி இருமினார்; இருமல் சற்று நீளமாகவே இருந்தது. மாமா யாரையும் பாராமல் தொலைநோக்கியை எடுத்துச் சென்று அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சட்டம் சட்டந்தான். சாட்சி இல்லாத பறவைக்குப் பெயர் இல்லை.

பஸ் வரும்வரை நான் அழுகையை அடக்கி நின்றேன். அம்மாவோ, தன் மகனுக்கு இழைக்கப்பட்ட இத்தனை பெரிய அநீதியைச் சிறிதும் பொருட்படுத்தாமல், தன் தமையன் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

பஸ் புறப்பட்டபோது அவள் யன்னலோடு கூடவே சிறிது தூரம் ஓடிவந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"மார்கழிக்கு நீ வராட்டி, நான்தான் வெண்டது!" என்று கத்தினாள்.

இத்தனை ஆணவம் கொண்ட பெண்ணை அதற்கு முன் நான் கண்டதில்லை. அடுத்த மார்கழி போனேன். அதற்கடுத்த மார்கழியும் போனேன். பயிர் அழிந்த ஆண்டில், அப்பா தடுத்தும், அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். தோற்றுவிடக்கூடாது என்பதற்காகவே போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் உறுதியாக நம்பினேன்.