மாமாவின் நே

சுவிஸின் பாசல் நகர ட்ராமில் என் பக்கத்தில் இருந்த பேத்தி கைபேசியில் யப்பானிய மொழி படித்துக்கொண்டு வந்தாள். "குளிருது, நே? சனம் கூட, நே?" என்று என்னிடமும் அதைச் சொல்லிப் பார்த்தாள். மூன்று தரிப்பிடங்களுக்குள் ஏழு முறை. எண்ணுவது என் வியாதி.

"என்ன பிள்ளை இந்த நே?"

"நாங்கள் 'என்ன' எண்டு முடிக்கிறமாதிரி, அப்பப்பா. இஞ்சத்தை ஆக்கள் 'ஓடர்' எண்டு இழுக்கினமே, அதேதான். மற்ற ஆள் ஓம் எண்டு சொல்லவேணும்."

ஓம் சொல்லவேண்டும் என்பது மட்டும் எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பி யப்பானியரோடு கப்பலில் வேலை செய்தவர். விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்தால் எந்தப் பேச்சையும் நே போட்டுத்தான் முடிப்பார். எங்கள் இருவருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. அவர் என்ன புளுகினாலும் நே என்றதும் நான் ஓம் சொல்ல வேண்டும். தயங்கினால் தலையில் குட்டு.

"கடலிலை மாடு மேயுது, நே?"

"ஓம் மாமா!"

"உன்ரை வாத்தியாருக்கு வால் இருக்கு, நே?"

"ஓம் மாமா!"

அடுத்து ஏறப்போகும் கப்பல் மிகப் பழையது என்று ஒருநாள் அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். போகவேண்டாம் என்று அம்மா மன்றாடினார். சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்றார் மாமா. அதன்பின் அம்மா அவரோடு கதைக்கவில்லை. சோற்றை மட்டும் போட்டார்.

புறப்படும் அன்று எல்லோரும் படலையடியில் நின்றோம். பயணம் போகிறவர் "போட்டு வாறன்" என்பார், நிற்பவர்கள் தலையசைப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் எதையும் கேட்கக்கூடாது. கேட்டால் பயணம் சரிவராது என்பார்கள்.

"போட்டு வாறன், நே, அக்கா?"

போகிறவரே கேட்டுவிட்டார். அம்மா சேலைத்தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டு நின்றார். மாமா நகரவில்லை. மெதுவாக மறுபடியும், "நே?" என்றார்.

குட்டு விழுமோ என்ற பயத்தில் நான் கத்தினேன்.

"ஓம் மாமா!"

அப்பா சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. என் தலையில் வைத்த கையை எடுக்க மறந்தவர்போல் சற்று நின்றுவிட்டுப் போனார்.

அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

செய்தி வந்த அன்று அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, "அண்டைக்கு நீ சொன்ன ஓம் மாமாவுக்குக் கேட்டதோ? வடிவாக் கேட்டதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஊருக்கே கேட்கக் கத்தியிருந்தேனே, பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அதிலென்ன சந்தேகம் என்று எனக்கு விளங்கவில்லை.